மூவாயிரத்து நாற்பத்தெட்டு மீட்டர்

லா பாஸ், எலோய் சல்மோன் தெரு,
வரிசையில் மூன்றாவது கடை.
நியேவெஸ் லிமாச்சி கண்ணாடிப் பெட்டிமேல்
நான்கை எடுத்து வைக்கிறாள்:
கறுப்பு, நீலம், மறுபடி ஒரு கறுப்பு,
ரப்பர் சட்டை போட்ட ஆரஞ்சு.

"ஆரஞ்சு கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது."
விழுவதைப் பற்றி நான் கேட்கவே இல்லை.
"எத்தனை டெராபைட் வேண்டும்?"
யாருக்குத் தெரியும்.
பதினோரு வருடமாக எல் ஆல்டோவில்
கல்யாணமும் திருவிழாவும் படம் பிடிக்கிறேன்.
வெட்டி ஒட்டிய பிறகும்
ஒரு ராத்திரி ஆட்டம் பதினெட்டு ஜிபி.
எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில்
மெமரி கார்டுகளாகக் குலுங்குகின்றன.

முதல் கறுப்பு மலிவு. நான்கு டெராபைட்.
கையில் எடுத்தால் கனம் இருக்கிறது.
கனத்தை நம்புகிறவள் நான்,
உருளைக்கிழங்கு மூட்டையோ கேமராவோ
ஆண்கள் கொடுக்கும் வாக்கோ.

பெட்டியின் அடியில் எறும்பு எழுதியதுபோல் ஒரு வரி:
இயங்கும் உயரம், அதிகபட்சம் 3048 மீட்டர்.

நாங்கள் நிற்பது மூவாயிரத்து அறுநூறில்.
என் வீடு கேபிள் காரில் இன்னும் மேலே,
நாலாயிரத்தில்.

நியேவெஸ் இடது கையை மேசைமேல் விரித்து
வலது கையை அதன்மேல் தொடாமல் பிடிக்கிறாள்.
"உள்ளே தட்டு சுழலும். படிக்கிற முனை அதைத் தொடாது,
காற்றின்மேல் மிதக்கும்.
தூசியைவிட மெல்லிய காற்று.
இங்கே அந்தக் காற்று கம்மி."
வலது கை மெல்ல இறங்குகிறது.
"பட்டால், உன் கல்யாணமெல்லாம் சுரண்டிப் போகும்."

"எத்தனை விற்றிருப்பாய்?"
"ஒன்பது வருடமாக விற்கிறேன்."
"திரும்பி வந்தவை?"
"சில."
அந்தச் சிலவைத் துணியெடுத்துக்
கண்ணாடியிலிருந்து துடைக்கிறாள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
உயரம் தெரியாமல் எதை விடக் கூடாது என்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

நீலம் சுழலாது. உள்ளே அசைவதே ஏதுமில்லை,
ஆகவே மூச்சும் வாங்காது.
ஆனால் ஒரே டெராபைட்,
விலையோ கறுப்பைப்போல் ஒன்றரை மடங்கு.
அதை வாங்கினால் முக்கால் பங்கை அழிக்க வேண்டும்.

யாரை அழிக்க?
பணம் முழுசாய்த் தராத பதினேழு வீட்டாரை என்றுதான்
முதலில் நினைத்தேன்.
அதில் ஒன்றில் இலாரியோன் தார்க்கி
ஆட்டத்தின் நடுவே முகமூடியைக் கழற்றி
நெற்றியைத் துடைத்துக்கொண்டு
என்னைப் பார்த்து, "இதை வெட்டிவிடு" என்கிறார்.
அடுத்த மாதம் செத்துப்போனார்.
நான் வெட்டவில்லை.
வாங்கிப் போகவும் யாரும் வரவில்லை.

கறுப்பைக் கட்டச் சொன்னேன்.
நியேவெஸ் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள்.

சனிக்கிழமை, யுங்காஸ் போகிற மினிபஸ்.
கொரோய்க்கோவில் என் நாத்தனார் வீடு,
ஆயிரத்து எழுநூறு மீட்டர்.
இறங்குவதற்கு முன் ஏற வேண்டும்:
கணவாய் நாலாயிரத்து அறுநூறுக்கும் மேலே.
தாளை மறுபடி படித்தேன்.
ஓடாத தட்டுக்குப் பன்னிரண்டாயிரம் வரை பயமில்லையாம்.
போர்வைத் துணியில் சுற்றி மடியில் கிடக்கிறது.
முன் சீட்டில் ஒரு வெளிநாட்டுப் பையன்
மீன்போல் வாயைத் திறந்து மூடுகிறான்.
ஓட்டுநர் திரும்பாமலே
கோக்கா இலைப் பையைப் பின்னால் நீட்டுகிறார்.

பிறகு ஈரம், வாழை, கொசு.
காது அடைத்து, செருப்பு இறுக்கி,
பிரிமித்திவா வீட்டு வாசலில் நிற்கிறேன்.
ஒரே பிளக். ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு
எனக்குத் தருகிறாள்.
விளக்கு எரிந்தது.
காதை வைத்துக் கேட்டேன்:
உள்ளே யாரோ மெதுவாக
நடனத்துக்குப் பாவாடையைச் சுழற்றிப் பார்ப்பதுபோல்.
தட்டுக்கு இந்தக் காற்று போதும்.
எனக்குத்தான் அதிகம், தலை பாரமாகிறது.

ஒவ்வொரு கார்டாகச் செருகுகிறேன்.
ஆறாவதில் ஒரு பெயர் திரையில் ஊர்ந்து போகிறது.
பிரிமித்திவா குனிந்து பார்த்து,
"இலாரியோனா? யார் அது?" என்கிறாள்.

"பாக்கி" என்றேன்.