இதாய்

தாம்வேயில், சைக்கிள் டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
வாத்தியார் கிடையாது.
மின்சாரம் வருகிற நேரம்தான் வகுப்பு நேரம்:
போன வாரம் இரவு ஒன்பது,
இந்த வாரம் விடியற்காலை ஐந்து.
ஸின் மா வந்து கதவைத் திறக்கும்போது
அவள் கன்னத்துத் தனாக்கா காய்ந்திருக்காது.
பாயைச் சுருட்டியதும் அறை கொஞ்சம் பெரிதாகும்.

ஐந்து பேருக்கு ஒரு புத்தகம்.
நகலுக்கு நகலெடுத்து
கான்ஜி எல்லாம் கஞ்சியாகக் குழைந்துவிட்டது.
கோடு எது, காகிதத்தின் அழுக்கு எது என்று
மெழுகுவர்த்தியைக் கிட்டே பிடித்துப் பார்ப்போம்.
நாலாம் நிலைத் தேர்வில் மூன்று தடவை தோற்ற
கோ யாசினிடம்தான் எல்லாரும் சந்தேகம் கேட்போம்.
எங்கே வழுக்கும் என்று
விழுந்தவனுக்குத்தானே தெரியும்.

பகலில் நான்
பருப்புக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதுகிறேன்.
வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம்.
மூன்றாவது ஒன்றை எங்கே வைப்பது என்று பயந்துகொண்டுதான் வந்தேன்.

'தபேதே மிரு' வந்த அன்று
புத்தகம் அரைப் பக்கத்துக்கு விளக்கம் சொன்னது.
முயற்சியாம், அனுபவமாம், விளைவறிதலாம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சாப்பிட்டுப் பார்.
அவ்வளவுதான்.
பர்மியத்திலும் அதேதான், சா ஜி.
மூன்று ஊர்க்காரர்களும்
நாக்கில் வைத்த பிறகுதான் கண்ணைத் திறக்கிறார்கள்.
அன்று நோ ஏ போ
பையிலிருந்த பலாச்சுளையை எடுத்து நீட்டி
மூன்று மொழியிலும் உபசரித்தாள்.

யாசினுக்கு ஒற்று வராது.
கிதே என்றால் வா.
கித்தே என்றால் வெட்டு.
வாசலில் நின்று விருந்தாளியை அன்பாக
வெட்டு வெட்டு என்று கூப்பிடுவான்.
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
ஒற்று விட்டதற்காக நான் வாங்கிய குட்டெல்லாம்
இவனுக்காகத்தான் போலிருக்கிறது.
படு, பட்டு. எடு, எட்டு.
அர்த்தம் தெரியாமலே அவன் சொல்லிச் சொல்லி
ஒருநாள் 'கிதே' சரியாக வந்தது.
கீழே டயர்க்காரர்
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஏறி வந்துவிட்டார்.

பிறகு முதியோர் இல்லப் பாடம்.
யாசின்தான் நோயாளி.
அவனுக்குக் கடவுச்சீட்டு வரவில்லை.
வரும் என்று நாங்கள் சொல்வதில்லை,
வராது என்றும் சொல்வதில்லை.
ஆனால் மற்ற யாரையும் நோயாளியாக விடமாட்டான்.
எண்பது வயது முனகலை அவ்வளவு நன்றாக முனகுவான்.
இரண்டு பேர் தோளைப் பிடிக்க, ஒருத்தி இடுப்பைப் பிடிக்க,
புரட்டிப் போட்டுவிட்டுக் கேட்க வேண்டும்:
தொகோ கா இதாய் தெஸ் கா?
எங்கே வலிக்கிறது?

'இதாய்' யாருக்கும் மனதில் நிற்கவில்லை.
இதயம் என்று எங்கள் மொழியில் ஒரு சொல் உண்டு,
அதைப் பாதியில் ஒடித்தால் வலி,
என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.
அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரும்போதெல்லாம்
நாலு கைகள் நாலு நெஞ்சுக்குப் போகும்.

ஸின் மா தேறினாள். தை மாதம் போனாள்.
பனி கொட்டும் ஏதோ ஓர் ஊர்,
பெயரை இரண்டு முறை சொல்லியும் எழுத முடியவில்லை.
சாவி இப்போது நோ ஏ போவிடம்.

நேற்று அவள் குரல் பதிவு வந்தது.
பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம்.
'ஒரு தாத்தா, முட்டிவலி.
நான் கேட்கும்போதெல்லாம் என் கையையே பார்க்கிறார்.
முட்டி வலிக்கிறது, நீ ஏன் நெஞ்சைத் தொடுகிறாய்,
அது உங்கள் ஊர் வழக்கமா என்கிறார்.
என்ன பதில் சொல்ல?
ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் அனுப்புங்கள்,
நாளைக்குள்.'

யாசின் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.
எழுவாயை நான் சொன்னேன்.
'தமிழில்' என்பதை நோ ஏ போ சேர்த்தாள்.
'இதயம்' என்பதற்கு அகராதியைப் புரட்டினோம்,
இரண்டு சொல் இருந்தது, சண்டை போட்டு ஒன்றை எடுத்தோம்.
வேற்றுமை உருபை யாசின் திருத்தினான்.
வினை கடைசியில்தானே வர வேண்டும்,
அதற்கு வாயைத் திறந்தபோது
மின்சாரம் போய்விட்டது.