தகட்டுக்கு அந்தப் பக்கம்

விற்றவர் சொன்னது, "அடியில் கொஞ்சம் துரு."
பல் மருத்துவமனையில் பத்தொன்பது வருடம்
கண்ணாடியும் கொக்கியும் எடுத்துக் கொடுத்தவள் நான்.
கொஞ்சம்தான் என்று வாயைத் திறந்தவர்கள்
எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

சாப் தொண்ணூற்றாறு. அறுபத்தேழாம் வருடத்து வண்டி.
கதவுக்குக் கீழே பெயிண்ட்டில் ஒரு கொப்புளம்,
மிளகளவு.
ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத்தான் தொட்டேன்.
கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

ராஹேயில் குளிர்காலம் ஆறு மாதம்.
ஆறு மாதமும் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள்,
மீனுக்குப் போடுவதுபோல் தாராளமாக.

நல்ல இரும்பு வரும்வரை வெட்டு என்பார்கள்.
கிரைண்டரை வைத்தேன். வரவில்லை. இன்னும் வெட்டினேன்.
பட்டி உதிர்ந்தது. பட்டிக்கு அடியில் தார்.
தாருக்கு அடியில் ஒரு காபி டப்பாவின் மூடி,
நாலு ரிவெட் அடித்து;
மூடியில் பாதிப் பூ இன்னும் சிவப்பாக.
யாரோ ஒரு ஆள், பரிசோதனைக்கு முந்தின இரவு,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செய்திருக்க வேண்டும்.
திட்ட வாயெடுத்தேன்.
அந்தப் பக்கம் முழுவதிலும்
சொத்தை விழாதது அது ஒன்றுதான்.

எஸ்கோவுக்கு எஃகு ஆலையில் இருபத்தாறு வருடம்.
கிலோமீட்டர் கிலோமீட்டராகத் தகட்டைப்
பாய்போல் சுருட்டி அனுப்பியவன்;
ஒரு முழத்தை வளைத்துத் தரச் சொன்னால் தெரியாது.
அக்டோபரில் கடிதம் வந்தது.
அப்புறம் அவன் பேச்செல்லாம்
பால் தீர்ந்துவிட்டது, நாயை வெளியே விட்டேன்,
அவ்வளவுதான்.
நானும் துருவவில்லை.

வெளியிலிருந்து வெல்டிங் வைக்கும்போது
உள்ளே ஒருவர் உட்கார வேண்டும்.
பழைய பஞ்சு, தார், எலி இழுத்து வைத்த கம்பளி நூல்:
எது எப்போது பற்றும் என்று சொல்ல முடியாது.
கூப்பிட்டேன். வந்தான்.
செடிக்குத் தெளிக்கும் புட்டியோடு
இருக்கை கழற்றிய தரையில் மடங்கி உட்கார்ந்தான்,
ஆறடி இரண்டங்குலமும்.

ஒரு தட்டு என்றால் தொடரலாம்.
இரண்டு என்றால் நிறுத்து, தீ.

ஒரு புள்ளி வைப்பேன்.
அடுத்ததை ஒட்டினாற்போல் வைக்கக் கூடாது,
தகடு நெளிந்துவிடும்.
ஒரு சாண் தள்ளி வைத்து, ஆறவிட்டு,
பிறகுதான் நடுவுக்குத் திரும்பி வர வேண்டும்.
அவன் பக்கத்து இருட்டில்
ஒவ்வொரு புள்ளியும் சிவந்து, ஆரஞ்சாகி,
மறுபடி கறுக்குமாம்.
சாப்பாட்டு நேரத்தில் சொன்னான், கேட்காமலே.
டக்.
புள்ளி.
புஸ்ஸென்று தண்ணீர்.
டக்.

இடது பக்கத்துக்கு மூன்று சனிக்கிழமை.
இரண்டாவதில் ஒருதரம் டக் டக்:
கம்பளி நூல் பிடித்துக்கொண்டது, அணைத்தான்,
ஒரு புருவத்தில் பாதி போயிற்று.
சிரித்தேன். அவனும்தான் என்று நினைக்கிறேன்,
முகமூடிக்குள்ளிருந்து சரியாகத் தெரியவில்லை.

மூன்றாவதில், வெளிச்சம் போகிற நேரம்,
டக் டக் டக்.
மூன்றுக்கு நாங்கள் எதையும் பேசி வைக்கவில்லை.
முகமூடியைத் தூக்கினேன்.
"என்ன?" என்றேன் தகட்டைப் பார்த்து.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
கதவு இல்லாத வண்டி; எட்டிப் பார்த்தால் முகம் தெரியும்.
அவன் எட்டிப் பார்க்கவில்லை.
இன்னும் அடைக்காத விரற்கடை இடைவெளியில்
வாயை வைத்துச் சொன்னான்:
"துறைமுகக் கிடங்கில் வேலை கேட்டேன்.
வயசாகிவிட்டது என்றார்கள்.
அது போன மாதம்."

அந்த இடைவெளிதான்
நான் அடுத்த புள்ளி வைக்க வேண்டிய இடம்.
கையுறையோடு தகட்டின்மேல் கையை வைத்தேன்.
சூடு தெரிந்தது.
"ஆறட்டும்" என்றேன்.

டக்.