டெஸ்டினென் தொலைத்தவை

தாம்பெரேயில் கடைசி டிராமும் பணிமனைக்குள் போனபின்
இரவு இரண்டு பத்துக்கு
என் நிரல் கண்விழிக்கிறது.
திரையில்லாத ஒரு பிரவுசரைத் திறக்கிறது.
தொலைந்த பொருள் படிவத்துக்குப் போகிறது.
பெயர்: டெஸ்டி டெஸ்டினென்.
தடம்: மூன்று.
தொலைத்தது என்ன?
அங்கேதான் அந்தப் பட்டியல்,
தொட்டால் கீழே விழத் தயாராய்.

பார்க்கத்தான் பட்டியல்.
தோலுரித்துப் பார்த்தால்
பட்டியல் வேடம் கட்டிய வெறும் பெட்டிகள்.
வெய்க்கோவின் கைவேலை.
விசிறிபோல விரியவேண்டுமாம், கால் நொடி எடுத்து.
அந்தக் கால் நொடிக்குள் என் நிரல்
இன்னும் பிறக்காத ஒரு சொல்லைத் தொடப்போய்
ஒன்பது இரவுகள் இடறி விழுந்தது.
'காணவில்லை' என்றது பதிவேடு, சிவப்பில்.
தொலைந்த பொருள் படிவத்தில்
காணவில்லை என்பது பிழையா, பதிலா
என்று கேட்டான் வெய்க்கோ.
அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் தட்டு.
திறக்கும்வரை பொறு.
திறந்ததைக் கண்டபின் தொடு.
இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எதைத் தொடுவது?
கண்ணுக்குத் தெரியும் சொல்லைச் சொல்லலாம்.
சொல்லின் முதுகில் ஒட்டிய ரகசியக் குறியைச் சொல்லலாம்.
நான் சோம்பேறி; எண்ணைச் சொன்னேன்.
நான்கு.
சுழியத்திலிருந்து எண்ணினால்
'தேர்வு செய்க', குடை, தொப்பி, பல்செட்டு,
கையுறை (ஒற்றை).
ஆக இரவுதோறும் டெஸ்டினென்
ஒரு கையுறையைத் தொலைத்தார்.
விடிந்தால் பச்சைக் குறி, எனக்குக் காப்பி.

டிசம்பரில் பனி கனத்ததும்
பட்டியலின் தலையில் யாரோ
சறுக்குவண்டியைச் செருகினார்கள்.
எல்லோரும் ஒரு படி இறங்கினார்கள்.
நான்காம் இடத்தில் இப்போது பல்செட்டு.
நிரலுக்கு என்ன தெரியும்?
நான்கு நான்குதான்.
பச்சை, பச்சை, பச்சை.

பதினோராம் நாள் போன் வந்தது.
ரைலி என்றார், தொலைந்த பொருள் அலுவலகம்,
குரலில் கம்பளி.
"டெஸ்டினென் உங்கள் ஆளா?
இந்த எண்தான் கொடுத்திருக்கிறார்.
பதினோரு இரவில் பதினோரு பல்செட்டு.
எனக்குக் கவலையாக இருக்கிறது."

தண்டுவடத்தில் பனி இறங்கியது எனக்கு.
அக்டோபரில் முகவரியில் ஒரு சொல் பிசகியிருக்கிறது.
சோதனைத் தளம் என்று நினைத்து
நிஜத்தின் கதவையே தட்டிக்கொண்டிருந்தேன்.

நேரில் போனேன். மைனஸ் பத்தொன்பது.
குடைகளுக்கும் ஒரு டிராம்போனுக்கும் நடுவே
ஓர் அலமாரித் தட்டு, பெயர்ச்சீட்டோடு.
இருபத்துமூன்று ஒற்றைக் கையுறைகள்.
சிவப்பு, சாம்பல், குழந்தை அளவில் ஒன்று.
"எது அவருடையது என்று சரியாகத் தெரியவில்லை,
அதனால் வந்ததையெல்லாம் எடுத்துவைத்தேன்" என்றார்.
கடைசியில் ஒரு கண்ணாடிக் குவளை;
அதற்குள் யாருடையதோ ஒரு மேல்வரிசை,
எதற்கோ சிரித்தபடி.

பெயரைப் பார்த்தாவது சந்தேகம் வரவில்லையா என்றேன்.
எந்தச் சொல்லின் வாலிலும் 'னென்' ஒட்டினால்
எங்கள் ஊரில் அது ஒரு குடும்பம்.
ரைலி தோளைக் குலுக்கினார்.
அவனா அவளா என்று எங்கள் மொழி கேட்பதில்லை.
ஆளா, நிரலா என்றும்
அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன்,
சுழியத்திலிருந்து.
பெயர்ச்சீட்டை அவர் கிழிக்கவில்லை.
திருப்பி மடித்து மேசை இழுப்பறையில் போட்டார்.

இப்போது என் நிரல்
எண்ணைச் சொல்வதில்லை.
'கையுறை (ஒற்றை)' என்று எழுத்தைப் பார்த்துத் தொடுகிறது,
அடைப்புக்குறியோடு.
முகவரியை வெய்க்கோவும் நானும்
ஆளுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்தோம்.

போன வாரம் மறுபடி போன்.
"இந்த மாதம் அவர் ஒன்றும் தொலைக்கவில்லையே,
உடம்பு நலம்தானே?"

நலம் என்றேன்.
தினமும் தொலைக்கிறார்.
வேறு இடத்தில்.