பதினோரு மாதக் கணக்கு

மூக்கண்டப்பள்ளி வீடு தெற்குப் பார்த்தது.
மூன்று போர்ஷன். ஐம்பத்தெட்டு லட்சம்.
"வாடகையே தவணையைக் கட்டிடும் மேடம்,
நீங்க சும்மா கையெழுத்துப் போட்டா போதும்"
என்கிறார் தரகர் அன்வர் பாஷா,
அந்தச் 'சும்மா'வின் மேல்
இரண்டு கோட்டிங் பெயின்ட் அடித்து.

லேபில் பதினாறு வருடம்.
முகம் பார்த்து நோய் சொல்ல மாட்டேன்,
எண் வரட்டும் என்பேன்.

கீழே இரண்டு வீடு, ஒன்பதாயிரம் வீதம்.
மாடி ஏழாயிரத்து ஐநூறு.
ஆக இருபத்தைந்தாயிரத்து ஐநூறு.
கையிருப்பு இருபது போக
முப்பத்தெட்டு லட்சம் கடன்,
இருபது வருடம்,
மாதம் முப்பத்துநாலாயிரத்து இருநூறு.
எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிகிற மாதத்திலேயே
எட்டாயிரத்து எழுநூறு
என் சம்பளத்திலிருந்து இறங்கிப் போகும்.

பத்திரச் செலவு இன்னும் எழுதவில்லை.
பாஷாவின் கமிஷன் எழுதவில்லை.
வீட்டு வரி, கழிவுத்தொட்டி லாரி,
ஒருவர் போய் ஒருவர் வரும் இடைவெளியில்
வெள்ளையடிப்பு, குழாய், தாழ்ப்பாள்.
காலண்டரில் பன்னிரண்டு தாள் இருக்கலாம்,
வாடகைக்குப் பதினொன்றுதான்.
ஸ்கூட்டர் கம்பெனி ஒரு ஷிப்டை நிறுத்தினால்
எட்டு.

வீட்டைப் பார்க்கப் போனோம்.
"போர் ஆயிரத்து நூறு அடி மேடம்."
தண்ணி?
"ஈரம் இருக்கு."

மாடியில் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர்,
மூன்று பாய்.
இரவு ஷிப்ட் எழுந்த சூட்டில்
பகல் ஷிப்ட் படுக்கிறது.
சுவரில் எண்ணெய்த் தலைகளின் வட்டங்கள்.
எண்ணினேன். ஆறு.
பட்டி பார்த்து பெயின்ட், பன்னிரண்டாயிரம்.

கீழ் வீட்டில் தெய்வானை, அரூர்க்காரி,
மடித்துக்கொண்டிருந்த யூனிபார்மை வைத்துவிட்டு
"அக்கா, நீங்க வாங்கினா
எங்களைக் காலி பண்ணச் சொல்வீங்களா?" என்றாள்.
சேச்சே, என்றேன்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது
என்று தெரியவில்லை.

வேடியப்பன் ராத்திரி
என் பேனாவை வாங்கினார்.
"கீழ் வீடு ஒண்ணுல நாமே போயிடலாம்.
இங்க கட்டற பத்தாயிரம் மிச்சம்."
அங்க வர்ற ஒன்பதாயிரம் நட்டம், என்றேன்.
"ஆயிரம் லாபம்தானே.
அட்வான்ஸ் எண்பதாயிரம் திரும்பி வரும்,
டோக்கனுக்கு ஆச்சு."
எனக்கு அந்த யூனிபார்ம்தான் கண்ணில் வந்தது.
ஆனாலும் எண்பதாயிரம்
எண்பதாயிரம்தான்.

விடிந்ததும் வீட்டுக்காரர் சீனப்பாவிடம் கேட்டேன்.
அவர் பதில் பேசாமல்
நீல அட்டை நோட்டை எடுத்துப் புரட்டினார்.
தலைகீழாக என்னைப் படித்தேன்:
மேல் வீடு. லேப். ஏழாம் தேதி. தொல்லை இல்லை.

"உன் எண்பதாயிரம்லதாம்மா
அந்த வருசம் பின்னாடி போர் போட்டேன்.
எண்ணூறு அடி. வெறும் புகை."
நோட்டை மூடினார்.
"அடுத்து வர்றவங்க குடுப்பாங்கல்ல,
அதை அப்படியே உனக்குத் தந்துடறேன்."

அந்த அடுத்தவளை நினைத்தேன்.
மத்தூரிலோ பாகலூரிலோ
சீட்டு எடுத்து, கம்மலை வைத்து,
என் வீட்டை இவள் கட்டுவாள்,
இவள் வீட்டுக்கு இன்னொருத்தி.
தெய்வானையின் அட்வான்சும்
இந்நேரம் எங்கோ
ஆயிரத்து நூறாவது அடியில்
ஈரமாக இருக்கும்.

"நீ பாக்கற இடத்துல
போர் எத்தனை அடி?"
சொன்னேன்.
சீனப்பா விரல் மடக்கினார்,
பாதியில் விட்டுவிட்டார்.
"எனக்கும் இப்படித்தான் ஒரு பாஷா இருந்தார்.
அவர் பேர் முனிரத்னம்."

போன் அடிக்கிறது.
வேறொரு பார்ட்டி பார்த்துவிட்டுப் போனதாம்,
நாளைக்குள் சொல்ல வேண்டுமாம்.
வாசலில் தண்ணீர் லாரி
பீப் பீப் என்று பின்னால் வருகிறது.
போனைக் காதில் இடுக்கிக்கொண்டு
குடத்தோடு இறங்குகிறேன்.
இந்த வாரம் என் முறை,
அறுநூற்று ஐம்பது.
சில்லறை இல்லை என்கிறான் டிரைவர்.