முழங்காலுக்குத் தெரிந்த பாதி

கல்கிசையில் மூடிய ஹோட்டலின் ஏலத்தில்
அறுபத்தோராம் இலக்கம்:
நாலு கால் மேசை, கம்பி பத்து, மிதி மூன்று.
தையல் மெஷினுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று நினைத்து
கையைத் தூக்கிவிட்டேன்.
ஓட்டோவில் குறுக்கே கிடத்தி
கொட்டாஞ்சேனை வரைக்கும்
அதன் கால்களை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெடல் ஸ்டீல் கிற்றார் என்று பெயர் சொன்னவன்
அந்த ஓட்டோக்காரன், கீழ்வீட்டு அன்ஸ்லம்.
சனி இரவுகளில் அகல விளிம்புத் தொப்பி போட்டு
கல்யாண மண்டபங்களில் கன்ட்ரி பாட்டுப் பாடுகிறவன்.
"இது நல்லா அழும் அக்கா.
அழவைக்கத்தான் ஆளில்லை."

பதினேழு வருசம் ரத்மலானையில் ஜூக்கி மெஷின்.
பாதம் மிதிக்கும், வலது முழங்கால் ஒதுங்கும்,
இரும்புப் பாதம் எழும்பும், துணி திரும்பும்.
இங்கேயும் மிதி. இங்கேயும் முழங்காலுக்குத் தண்டு.
பாதி வேலை தெரியும் என்று இருந்தேன்.

மற்றப் பாதி
மூன்று விரலில் தகர நகம்,
இடது கையில் வழுக்கும் உருக்குக் கட்டை.
கழுத்தில் இருப்பவை வெறும் கோடுகள்,
விரல் விழுந்து தங்க ஒரு படி இல்லை.
கோட்டுக்கு நேர் மேலே கட்டை நின்றால் சுருதி.
நூல் அகலம் தள்ளிப்போனால்
மேல்மாடி நாய் எழும்பிவிடும்.

முதல் மாதம் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.
நான்காம் கம்பியையும் ஐந்தாம் கம்பியையும்
சேர்த்துக் கிள்ளி
இடது பாதத்தால் முதல் மிதியை அமர்த்தினால்
ஐந்தாவது ஏறிப் போகிறது.
நான்காவது நின்ற இடத்தில் நிற்கிறது.
போனதும் போகாததும்
ஒரே நேரத்தில் கேட்கிறது.
இரவு பதினொரு மணி மட்டும் இதே வேலை.
சோறு ஆறி, குழம்பில் ஆடை படிந்து.

பாட்டு ஒரு லொறிக்காரனைப் பற்றியது.
மழை, முந்நூறு மைல், வீட்டில் விளக்கு இல்லை.
இங்கிலிஷ் சொல் பாதி விளங்கவில்லை.
155ஆம் பஸ்ஸின் கடைசி இருக்கையில் வருகிறவளுக்கு
விளக்கில்லாத வீடு விளங்கும்.
அதில் என் பங்கு, தொடக்கத்தில் நாலு அடி,
பிறகு அன்ஸ்லம் மூச்செடுக்கும் இடங்கள்.

ஜம்பட்டா வீதிக் கராஜில் ஒத்திகை.
அவன் பாடும்போதெல்லாம் நானும் வாசித்தேன்.
நிறுத்தினான்.
"நான் கதைக்கேக்க குறுக்கே கதையாதீங்க அக்கா.
நான் முடிச்சாப் பிறகு
'ஓமோ, அப்படியோ' என்று கேளுங்க.
அதுதான் உங்கட பார்ட்."
ட்ரம்ஸ் பொடியன் சிரித்தான்.
கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.
சும்மா இருக்கிற இடத்தையும்
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று
எண்ணத்தான் வேண்டியிருந்தது.

நாலாம் முறை எல்லாம் வந்தது.
வரி முடிந்ததும், தையல் முடிந்த நினைப்பில்
வலது முழங்கால் தன்பாட்டில் ஒதுங்கியது.
இரண்டாம் கம்பி சரிந்தது,
படியில் கால் தவறியவள்
கைப்பிடி தேடுவதுபோல்.

எல்லோரும் நிறுத்தினார்கள்.
"அது என்ன?"
"பிழை."
"பிழைதான்."
அன்ஸ்லம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான்.
"இரண்டாம் தரம் பாடி முடிச்சாப் பிறகு மட்டும்
அதை விடுங்க. மற்ற இடத்தில வேண்டாம்."

வேண்டுமென்று செய்தால் வரவில்லை.
பிந்தியது, அல்லது முந்தியது.
ஏழு மணிக்கு மூன்றாம் கம்பி அறுந்து
என் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தது.
அந்த அளவுக் கம்பி கொழும்பில் இல்லை.
புறக்கோட்டையில் வாங்கிய சாதாரணக் கம்பி
இரண்டு நாள் தாங்கும் என்கிறார்கள்.

திங்கள், காலை ஏழரை.
காலர் வளைவில் மிதித்தேன்,
முழங்காலை ஒதுக்கினேன்.
துணி திரும்பியது.
மெஷின் சத்தம் அதே சுருதியில் நின்றது.
இன்னொரு தரம் ஒதுக்கிப் பார்த்தேன்,
கொஞ்சம் மெதுவாக.

"யுஸ்தினா, மெஷின் பழுதா?" என்றாள் நதீஷா மிஸ்.
இல்லை என்றேன்.