சிவப்பு கேட்டு வீடு

பாடாங் செராயில், எங்கள் தாமானில்
இது என்ன நாளென்று யாருக்கும் தெரியாது.
பாலர் பள்ளியில் டீச்சர் சொன்னாராம்,
பேய்கள் இரண்டு மைலோ டின்னை ஆட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன.

பெரியது யுகேஷ். பழைய மெத்தை விரிப்பு,
கண்ணுக்கு வெட்டிய ஓட்டையில் ஒன்று
மூக்குப் பக்கம் போய்விட்டது.
சின்னது தர்ஷினி. என் கண்மை முழுக்க அவள் முகத்தில்,
காலில் ஜப்பான் சிலிப்பர்.

மழை விட்டிருந்தது.
செம்பனை ஆலையின் வாடை
ஈரத்தோடு சந்துக்குள் வந்து நின்றது.

மக்சிக் ரோஹானா இரண்டு குவே கொடுத்தார்.
ஆ ஹெங் அங்கிள் பயந்ததுபோல் கத்திவிட்டு
மிட்டாய் தேடினார், கிடைக்கவில்லை,
ஒரு முட்டையை டின்னுக்குள் மெல்ல இறக்கினார்.

கடைசி வீடு.
போன வாரம் வட்டிக்காரன் ஆட்கள் வீசிய சிவப்புச் சாயம்
கேட்டிலிருந்து கார் நிறுத்துமிடம்வரை
வழிந்து காய்ந்திருந்தது.
விளக்கில்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

"இவங்க வீட்டு டெக்கரேஷன்தான்மா சூப்பர்!"

தர்ஷினி கம்பியில் வாயை வைத்து
இருட்டிடம் சொன்னாள்:
"நாங்க பொய்ப் பேய்தான். பயப்படாதீங்க."

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு கதவு ஒரு கை அளவு திறந்தது.
தரையோடு சறுக்கி வந்த பிஸ்கட் பாக்கெட்
கேட்டடியில் முட்டி நின்றது.
கதவு மூடிக்கொண்டது.

முகம் கழுவும்போது கேட்கிறாள்:
"அடுத்த வருசம் நம்ம கேட்டுக்கும்
அந்தச் சிவப்பு அடிக்கலாமாம்மா?"

சோப்பு பட்டுவிடும்,
கண்ணை மூடு என்கிறேன்.