இரண்டு விநாடிக்கு முன்

பீடோரைத் தாண்டி மூன்றாவது மைல்,
செம்பனை ஆலையின் எடைமேடைக் கூண்டு.
இரவு ஷிப்டு எனக்கு.
மேசையில் ரசீதுக் கட்டு, கொசுவத்தி,
ஆணியில் தொங்கும் பை நிறைய தே ஓ,
கால்குலேட்டரில் சாய்த்த கைப்பேசி.

அதில் நான் வெள்ளை.
கறுப்புக்குப் பெயர் இல்லை,
ஒரு ஓநாய்ப் படமும் எட்டு எண்களும்தான்.
எந்த ஊரோ. அங்கே இப்போது பகலோ என்னவோ.

முப்பத்தோராவது நகர்த்தலில்
என் குதிரை போய் நின்ற இடம் அவனுக்குப் பிடிக்கவில்லை.
இனி எதை எங்கே வைத்தாலும்
என் ராணி வந்து கதவைச் சாத்திவிடும்.
அவனுக்கும் தெரியும்.
அதனால்தான் நிறுத்திவிட்டான்.
அவன் கடிகாரத்தில் பதினோரு நிமிடம் நாற்பது விநாடி.
என்னுடையதில் ஐம்பத்தொரு விநாடி;
நான் மெதுவாக யோசிக்கிறவள்.

யோசிக்கிறவனின் அமைதி வேறு.
இது, கடனைத் திருப்பிக் கேட்டுப் போன வீட்டில்
உள்ளே விளக்கெரிய
"அப்பா இல்லேன்னு சொல்லு" என்று
பிள்ளையை வாசலுக்கு அனுப்பும் அமைதி.

முன்பெல்லாம் திட்டுவேன்,
தெரிந்த மூன்று மொழியிலும்.
ஒருவன் பதிலுக்குக் கொட்டாவி விடும் பொம்மை அனுப்பினான்.
என் கோபம்தான் அவன் வெட்டிய கடைசிக் காய்
என்று அன்றைக்குப் புரிந்தது.
இப்போது அரட்டையை மூடிவிடுகிறேன்.
சத்தத்தை மட்டும் கூட்டி வைக்கிறேன்.

லாரி. சத்தியசீலன்.
"என்னாக்கா, இன்னும் அதே ஆட்டமா?"
"ஆளு நகர மாட்டேங்குறான்."
"போட்டுட்டுப் போய்ப் படுங்க."
"அதுக்குத்தான் காத்திருக்கான்."

குலைகளோடு மேடை ஏறியது வண்டி.
எண் துள்ளுகிறது:
பதினெட்டாயிரத்து நானூறு, முந்நூற்று எண்பது, நானூற்று இருபது.
எண் நிற்காமல் பொத்தானை அமுக்கக்கூடாது.
இந்த வேலைக்கு எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.

காத்திருப்பதில் எங்களை வெல்ல
ஓநாய்க்கு வயது போதாது.
லயத்தை இடித்தபோது வீடு தருகிறோம் என்ற நிறுவனம்
பதினாறு வருடமாக யோசிக்கிறது.
நாற்பத்திரண்டு குடும்பம் சேர்ந்து வழக்குப் போட்டோம்.
வேன் பிடித்து ஈப்போ போவோம்.
அவர்கள் வக்கீலுக்குக் காய்ச்சல்.
கோப்பு கோலாலம்பூரில்.
மொழிபெயர்ப்பாளர் லீவு.
கோர்ட்டுக்கு எதிரே பசியாறிவிட்டுத் திரும்புவோம்.
முதலில் இரண்டு வேன்.
இப்போது ஒன்று, அதிலும் கால் நீட்டி உட்காரலாம்.
அவர்கள் எதையும் நகர்த்தவில்லை.
எங்கள் காய்கள்தான் குறைந்தன.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
போன மாதம் நானே செய்தேன்.
தூக்கக் கலக்கத்தில் ராணியைக் கொடுத்துவிட்டு
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
லாரி வந்தது என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன்.
லாரி வரவில்லை.
திருப்பிப் பார்த்தபோது எதிராளி அங்கேயே இருந்தார்.
திட்டியிருப்பார் என்று பெட்டியைத் திறந்தேன்.
சாப்பிட்டாச்சா என்று
மலாயில் ஒரே ஒரு வரி.
பதில் எழுத எனக்கு நான்கு நிமிடம் இருந்தது.
எழுதவில்லை.

இன்று ஓநாய்க்கு ஐந்து. நான்கு. மூன்று.
இரண்டில், டக்.
ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தது.
நான் எழுந்து போயிருப்பேன்,
என் ஐம்பத்தொரு விநாடி ஆளில்லாமல் ஓடித் தீரும் என்று கணக்கு.
கையில் கார்பன் மை.
சட்டையில் துடைத்துக்கொண்டு
ராணியை வைத்தேன்.
நாற்பத்தேழு விநாடி மிச்சம்.

ஓநாய் ஒன்றும் சொல்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை ஈப்போ.
வேனுக்கு ஆளுக்குப் பதினைந்து வெள்ளியாக இருந்தது,
ஆள் குறைந்ததால் இருபத்திரண்டு.
குலைகளைக் கொட்டிவிட்டு
சத்தியசீலன் வெறும் வண்டியோடு மேடையில் நிற்கிறான்.
"அடிங்கக்கா ரசீதை, தூக்கம் வருது."
இரு.
எண் இன்னும் ஆடுகிறது.